பவளத் தொட்டிக்கு நானே லைட்டு கட்டியபோது நான்கு எல்இடியைச் சாகடித்த கதை

எங்கள் சுங்கை சிப்புட்டில் (மலேசியா) கடல்நீரில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லைட்டு நானே கட்டுகிறேன் என்றால் எந்தக் கல்யாணத்துக்கு என்றுதான் கேட்பார்கள். இந்தக் குழுவில் எப்படிக் கட்டினாய் என்று கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தொட்டி இரண்டடி. முன்னே டி5 என்ற மெல்லிய டியூப்லைட்டு நான்கு ஓடியது. வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு ஈப்போ போய்வர வேண்டும், போதாக்குறைக்குத் தண்ணீரையும் சூடாக்கும், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூன்று மணிக்கு 27 டிகிரியில் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு. சரி என்று 3 வாட் எல்இடி 24 வாங்கினேன், 16 ராயல் புளூ, 8 வெள்ளை.

ரப்பர் ஆலையில் வயர்மேனாக இருந்த என் மாமா, ஏன்டா இவ்வளவு நீலம் என்றார். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது மாமா, அது வெளிச்சத்தில் சமைப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது, கடலில் சிவப்பு வெளிச்சம் மேலேயே கரைந்துவிடும், நீலம்தான் ஆழம்வரை இறங்கும், 450 நானோமீட்டர் பக்கம் அந்தப் பாசிக்குத் தோது என்றேன். “அப்ப நீ பாசிக்குத்தான் லைட்டு போடுற” என்றார். மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

எல்இடியின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடு, அதாவது ஹீட்சிங்க், பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எத்தனை திருவிழாவில் அலறி ஓய்ந்ததோ, ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர், அதன் முதுகு அலுமினியத்தைக் கழற்றி 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார்கள். எல்இடியை அதில் ஒட்டிவிட்டு ஈயம் வைக்கப் போனேன், அங்கேதான் முதல் பாடம். சூட்டையெல்லாம் அலுமினியம் குடித்துவிடுகிறது, ஈயம் உருகாமல் மண்கட்டி மாதிரி உருண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் பிய்த்து, மேசையில் வைத்து ஒவ்வொரு முனைக்கும் முதலிலேயே ஈயம் பூசி, அப்புறம் ஒட்டினேன்.

பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் கரண்ட்டை ஒரே அளவில், 700 மில்லிஆம்பியரில், பிடித்து நிறுத்தும் டிரைவர் பெட்டி ஒன்று, ஒரு வரிசைக்குச் சுமார் 40 வோல்ட். முதல் வரிசை எரிந்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் குஷியில் இரண்டாவதில் ஒரு ஒயரை மாட்ட மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டேன். அணைக்காமல் அப்படியே ஒயரைத் தொட வைத்தேன். பளிச்சென்று ஒரு நீல மின்னல், அவ்வளவுதான். சுமை இல்லாதபோது இந்த டிரைவர் வோல்ட்டேஜை உச்சத்துக்கு ஏற்றி வைத்துக் காத்திருக்கும், தொட்டதும் மொத்தமும் எல்இடி தலையில் கொட்டும். மல்ட்டிமீட்டரை டையோடு சோதிக்கும் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன், உயிருள்ளது மங்கலாக மினுக்கியது, நான்கு மினுக்கவே இல்லை.

இதைவிட வலித்தது அடுத்தது. முதல் நாளே பத்து மணி நேரம் முழு வெளிச்சம் கொடுத்தேன். நான்காம் நாள் லெதர் என்ற மென்பவளம் சுருங்கிவிட்டது, பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளரும் சோவாந்தஸ் வெளுத்துவிட்டது. விளக்குத் தொங்கும் சங்கிலியை மூன்று கண்ணி மேலே ஏற்றி, நேரத்தை ஐந்தாகக் குறைத்து, வாரத்துக்கு ஒரு கண்ணியாக இறக்கினேன். லெதர் பிழைத்தது, சோவாந்தஸில் பாதி போய்விட்டது.

இதற்குக் கீழே பகாவ் அண்ணன் எழுதியது:
தம்பி, எனக்கு எமன் உப்புதான். விளக்குக்கு அடியில் அக்ரிலிக் தகடு போடாமல் ஆறு மாதம் ஓட்டினேன், குமிழி தெறித்துத் தெறித்து ஈயப் பொட்டெல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஒருநாள் ஒரு கை தண்ணீரில், மறுகை ஹீட்சிங்கில், விர்ரென்று ஏறியது. ஏர்த் ஒயர் கொடுக்கவே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன். நல்லவேளை, கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் விழுந்தது. உன்னுடையதில் ஏர்த் இருக்கிறதா?

என் பதில்:
இல்லை அண்ணே. உங்கள் பதிவைப் படித்த கையோடு பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மாமாவைக் கூப்பிட்டுப் போடச் சொல்லியாயிற்று, பிளக்குக்குத் தண்ணீர் ஒழுகிப் போகாதபடி ஒயரையும் கீழே தொய்யவிட்டுக் கட்டினார். கூலி ஒரு தே தாரேக் டீ.