காசு கொடுத்து வாங்கிய ஜன்னல் சீட்டில் ஜன்னலைக் காணோம்

ஜன்னலோரம்:
போன மாதம் டெல்லியிலிருந்து சென்னைக்கு 737-800 விமானம். வேடிக்கை பார்த்துக்கொண்டே வரலாம் என்று தனிக்காசு கட்டி இடப்பக்க 'ஏ' சீட்டு வாங்கினேன். போய் உட்கார்ந்தால் தோளை ஒட்டி வெறும் பிளாஸ்டிக் சுவர். முன்னால் இருப்பவருக்கு ஜன்னல், பின்னால் இருப்பவருக்கும் ஜன்னல், எனக்கு மட்டும் பட்டை நாமம். பணிப்பெண்ணைக் கேட்டால், "இந்த வரிசையில எப்பவுமே கிடையாது சார்" என்று சிரிக்கிறார். பக்கத்துச் சீட்டுப் பையன் வேறு சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். உங்களில் யாராவது இப்படி மாட்டியதுண்டா?

ரெஞ்சு:
நானும் மாட்டியவன்தான். 737-இன் உடம்பு வாகு அப்படி. வயிற்றுப் பகுதியில் இருக்கும் ஏசியிலிருந்து குளிர்காற்றைக் கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஏறுகிறது. அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. இறக்கைக்குச் சற்று முன்னால், 10, 11-ஆம் வரிசைப் பக்கம் வரும். சீட் அமைப்பைப் பொறுத்து எண் மாறும். புக் செய்யும் படத்தில் மட்டும் அதுவும் ஜன்னல் சீட்டுதான்!

ஆறடி:
எனக்கு ஜன்னல் போனாலும் பரவாயில்லை, முட்டி பிழைத்தால் போதும். ஏ320 விமானத்தில் இறக்கைமேல் அவசர வழி வரிசை, 12-ஆம் எண். காலை நன்றாக நீட்டலாம், சரி. ஆனால் சாய்மானம் அசையவே இல்லை. அது சாய்ந்தால் பின்வரிசையின் வழி அடைபடுமாம். இரண்டு அவசர வழி வரிசை இருந்தால் பின்னதை எடுங்கள், வழக்கமாக அதுதான் சாயும். இன்னொன்று, காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். கண்ணாடி, புத்தகம், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் எல்லாம் மேலே போய்விட்டது. பெல்ட் விளக்கு அணையும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரெண்டு வாலு:
சீட்டுக்குக் காசு கட்டவில்லை என்று என்னை 6-இலும் ஏழு வயது மகளை 19-இலும் போட்டார்கள். கவுன்டரில் விதியைச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்) போகும் 12 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே சீட்டு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலேயே விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

கடைசி பெஞ்ச்:
நான் எப்போதும் கடைசி வரிசைதான். சாயாது, கழிவறை வரிசை நம் தோளை இடித்துக்கொண்டே நிற்கும். ஆனால் ஒருமுறை மூன்று சீட்டும் எனக்கே கிடைத்து, காலை மடக்கித் தூங்கினேன். பின்பக்கப் படிக்கட்டும் போட்டுவிட்டால் முதலில் இறங்குவது நாம்தான்.

ஜன்னலோரம்:
அடுத்த வாரம் மறுபடி டெல்லி, காலை விமானம். வடக்கே போவதால் வெயில் வலப்பக்கம் அடிக்கும், அதனால் மறுபடி 'ஏ' தான், 22-ஆம் வரிசை. ரெஞ்சு அண்ணே, அங்கே ஜன்னல் உண்டுதானே?