ட்யூனர் சேர்த்ததிலிருந்து ஃபஸ் பெடல் காதைக் குத்துகிறது, வால்யூம் குறைத்தாலும் கிளீன் ஆவதில்லை: உதவி தேவை

ஒற்றைச்சுருள்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

மேடையில் கிட்டார் வாசிப்பதுதான் எனக்குத் தொழில். கையில் இருப்பது ஸ்ட்ராடோகாஸ்டர், மூன்றும் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்). ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடலின் சர்க்யூட்டை வைத்துத் தெரிந்தவர் ஒருவர் கையால் செய்து கொடுத்த ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. இதுவரை கிட்டாரிலிருந்து நேராக ஃபஸ், அங்கிருந்து ட்யூப் ஆம்ப், அவ்வளவுதான். கிட்டார் வால்யூம் 10-இல் இருந்தால் தடித்து உறுமும். 6-க்கு இறக்கினால் மணி தட்டியது போலக் கிளீனாக, கரகரப்பில்லாமல் வரும். பாட்டு முடியும்வரை பெடலைக் காலால் தொடவே மாட்டேன், சுண்டுவிரலால் குமிழைத் திருப்பியே எல்லாம் நடக்கும்.

போன மாதம் முறையாக ஒரு பெடல்போர்டு கட்டினேன். வரிசை: ட்யூனர், வா (காலால் மிதித்து ஒலியை ‘வா-வா’ என்று வளைக்கும் பெடல்), ஃபஸ், ஓவர்டிரைவ், டிலே, பிறகு ஆம்ப். அன்று பிடித்தது வினை. 10-இல் சத்தம் ஊசி மாதிரி குத்துகிறது. 6-க்கு இறக்கினால் சத்தம் மட்டும் குறைகிறது, கரகரப்பு அப்படியே நிற்கிறது. வா-வையும் ஃபஸ்ஸையும் சேர்த்துப் போட்டால் விசில் அடிக்கிறது. மற்ற பெடல்களுக்குப் போகும் அதே அடாப்டரில் ஃபஸ்ஸைச் செருகினால் போர்டு மொத்தமும் அணைந்துவிடுகிறது, அதனால் அதற்கு மட்டும் பேட்டரி போட்டிருக்கிறேன்.

பிக்கப் உயரத்தை இறக்கினேன், கம்பி மாற்றினேன், பேட்ச் கேபிள் எல்லாம் மாற்றினேன். பலன் இல்லை. வருகிற சனிக்கிழமை கச்சேரி இருக்கிறது.

வால்வுவெளிச்சம்:

ஆம்ப்பில் பவர் ட்யூப் மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது? தேய்ந்த ட்யூபும் இப்படிக் கரடுமுரடாகக் கேட்கும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

ஈயப்புகை:

தம்பி, ட்யூபுக்கு இப்போதைக்குச் செலவு செய்ய வேண்டாம். பழைய வரிசையில் நன்றாக இருந்தது, போர்டு கட்டியதும் கெட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோளாறு வரிசையில்தான் இருக்கிறது.

பெரும்பாலான பெடல்களின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் தடை) 500 கிலோஓம், 1 மெகாஓம் என்று இருக்கும். கிட்டார் வந்து செருகியதே அவற்றுக்குத் தெரியாது. ஃபஸ் ஃபேஸ் அப்படி இல்லை. ஐவர் ஆர்பிட்டர் என்பவர் 1966-இல் லண்டனில் விற்க ஆரம்பித்த அந்த வட்டப் பெட்டிக்குள் இரண்டே ட்ரான்சிஸ்டர், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். அதன் இன்புட் 10 கிலோஓம் பக்கம்தான் வரும். அதனால் உங்கள் பிக்கப்பின் சுருளும் 250 கிலோஓம் வால்யூம் குமிழும் ஃபஸ்ஸின் சர்க்யூட்டுக்கே பாகமாகிவிடுகின்றன. குமிழைக் கொஞ்சம் இறக்கினாலே பிக்கப்புக்கும் முதல் ட்ரான்சிஸ்டருக்கும் நடுவில் பல பத்து கிலோஓம் தடை வந்து உட்காரும். சிக்னலோடு சேர்ந்து ஃபஸ்ஸின் கெயினும் விழும். நீங்கள் சொன்ன மணிச் சத்தம் அங்கிருந்து வருவதுதான்.

உங்கள் ட்யூனர் பஃபர் (சிக்னலை வாங்கி வலுவாக அனுப்பும் சின்ன சர்க்யூட்) உள்ள வகையாக இருக்கும். அணைத்து வைத்திருந்தாலும் சிக்னல் அந்த பஃபர் வழியாகத்தான் போகும். பஃபரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 கிலோஓம் அளவில் அசையாமல் நிற்கும், நீங்கள் கிட்டாரில் எவ்வளவு திருப்பினாலும் சரி. பிக்கப் ஃபஸ்ஸுக்குக் கண்ணில் படவே படாது. முன்பு ஃபஸ் இழுத்த இழுப்பில் மழுங்கிய ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) இப்போது மழுங்காமல் உள்ளே போகிறது, அதுதான் காதைக் குத்துகிறது.

ட்யூனரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அடாப்டர் விஷயம் அவசரம். பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பெரும்பாலும் பிஎன்பி ட்ரான்சிஸ்டரில் செய்வது. அதில் கிரவுண்ட் பாசிட்டிவ் பக்கம் இருக்கும். மற்ற பெடல்களில் நெகடிவ் பக்கம். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தால் பேட்ச் கேபிளின் ஷீல்டு வழியாகப் பாசிட்டிவும் நெகடிவும் முட்டிக்கொள்ளும். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுபோகிறது. இனிமேல் அப்படிச் செருகவே செருகாதீர்கள். பேட்டரியே நல்லது. ஃபஸ் குடிக்கும் கரண்ட் மிகக் குறைவு, மாதக்கணக்கில் ஓடும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை மட்டும் மறக்காமல் உருவிவிடுங்கள், ஜாக்கில் கேபிள் இருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒற்றைச்சுருள்:

அக்கா, ட்யூனரைக் கழற்றிவிட்டேன். வா-வையும் எடுத்துவிட்டேன். போர்டில் முதல் பெடலே ஃபஸ்தான். அப்படியும் துளிகூட மாற்றம் இல்லை!

ஈயப்புகை:

கிட்டாரிலிருந்து போர்டுக்குக் கேபிள்தானே? என்ன கேபிள், எத்தனை அடி?

ஒற்றைச்சுருள்:

கேபிள் இல்லை, வயர்லெஸ். போர்டு கட்டும்போதே அதையும் வாங்கினேன். ரிசீவர் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பெடல் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஈயப்புகை:

கிடைத்துவிட்டது. ரிசீவரும் ஒரு பஃபர்தான். கிட்டார் சிக்னல் ட்ரான்ஸ்மிட்டரோடு முடிந்துவிடுகிறது, ஃபஸ்ஸுக்குள் போவது ரிசீவரின் அவுட்புட். சில வயர்லெஸ்ஸில் கேபிள் நீளத்தைப் போலச் செய்ய ஒரு சுவிட்ச் இருக்கும். அது ட்ரெபிளைக் கொஞ்சம் மழுக்கும், இம்பீடன்ஸைத் திருப்பித் தராது. பழைய 10 அடி கேபிளை எடுத்து நேராக ஃபஸ்ஸில் செருகுங்கள்.

ஒற்றைச்சுருள்:

செருகினேன். வந்துவிட்டது! 7-க்கு இறக்கியபோதே தெரிந்துவிட்டது. நான்கு வருடமாக என் கைக்குப் பழகிய அதே சத்தம். மிக்க நன்றி அக்கா.

இரண்டு கேள்வி. ட்யூனரை எங்கே வைப்பது? வா-வை என்ன செய்வது?

ஈயப்புகை:

ட்யூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வையுங்கள். ஃபஸ் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும் வகை) என்றால் அணைத்துவிட்டுச் சுருதி சேர்ப்பதில் ஒரு சிக்கலும் இல்லை, மியூட்டும் வழக்கம்போல வேலை செய்யும். அதன் பஃபர் அங்கே நல்லதே செய்கிறது. போர்டிலிருந்து ஆம்ப்வரை ஓடும் நீளக் கேபிளில் ட்ரெபிள் சாகாமல் காக்கும்.

வா கொஞ்சம் வில்லங்கம். 1969 வுட்ஸ்டாக் இசை விழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வரிசை வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப் (ஒலியைச் சுழல வைக்கும் பெடல்), பிறகு மார்ஷல் ஆம்ப். அதனால் வா முன்னால்தான் வர வேண்டும் என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஃபஸ்ஸின் தாழ்ந்த இன்புட் வா-வின் அவுட்புட்டை அமுக்கிவிடும். மிதி பாதி தூரத்துக்கு மேல் ஒன்றும் பேசாது, அல்லது விசில் அடிக்கும். அந்தப் பழைய ருசிதான் வேண்டும் என்றால் வா-வின் உள்ளே அவுட்புட்டில் ஒரு சின்ன பஃபர் போட வேண்டும், வா அணைந்திருக்கும்போது அது வழியில் குறுக்கிடாதபடி. சனிக்கிழமைக்கு அது வேண்டாம். ஃபஸ்ஸுக்குப் பின்னால் மாற்றி வையுங்கள். ஓசை இன்னும் அகலமாக வாய் திறக்கும், எனக்கு அது பிடிக்கும்.

உச்சிவெயில்:

இடையில் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மேடை வெட்டவெளி என்றால் ஃபஸ்ஸை வெயிலில் வைக்காதீர்கள். ஜெர்மானியத்தில் சூடு ஏற ஏற லீக்கேஜ் (கசியும் கரண்ட்) கூடும், பயஸ் (ட்ரான்சிஸ்டருக்கு நிலையாக வைத்த வோல்டேஜ்) நகரும். சவுண்ட் செக்கில் மாலை மூன்று மணிக்குக் கறுப்பு மேடைப் பலகை மேல் கிடந்த என் பெடல், ஸ்வரம் தேயும்போது புட்புட் என்று அறுந்து அறுந்து நின்றது. இரவு எட்டு மணிக்கு அதே பெடல் அதே செட்டிங்கில் தேன். உள்ளே பயஸ் ட்ரிம்மர் (அதைத் திருப்பிச் சரிசெய்யும் சின்னத் திருகு) இருந்தால் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் பக்கம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பிஎன்பி என்றால் மைனஸில் காட்டும், பயப்பட வேண்டாம்.

ஒற்றைச்சுருள்:

வெட்டவெளிதான் அண்ணா, நல்லவேளை சொன்னீர்கள். இப்போதே மூடியைத் திறந்து பார்த்தேன், ட்ரிம்மர் இருக்கிறது. மீட்டரில் 4.1 காட்டியது. 4.5-க்குக் கொண்டுவந்தேன், முடிவில் தேயும் ஸ்வரம் இன்னும் கொஞ்சம் நீளமாக நிற்கிறது.

இறுதி வரிசை: 10 அடி கேபிள், ஃபஸ், வா, ட்யூனர், ஓவர்டிரைவ், டிலே, ஆம்ப். ஃபஸ் இல்லாத பாட்டுக்களுக்கு வயர்லெஸ். சவுண்ட் செக் முடியும்வரை ஃபஸ் மேல் ஈரத்துணி போட்ட ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைக்கப்போகிறேன்.

உச்சிவெயில்:

ஈரம் வேண்டாம், ஜாக்கில் இறங்கிவிடும். வெறும் வெள்ளைத் துணி போதும்.