அலெக்சிதைமியா: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

தன் உணர்ச்சி இன்னதென்று இனங்காணவும் எடுத்துச்சொல்லவும் சிரமப்படுவதுதான் அலெக்சிதைமியா. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘உணர்ச்சியின்மை’ என்று இருக்கிறது. எடுத்துவிடலாம். தொழுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டியில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று படித்தவர்களுக்கு அது மரத்துப்போனதைத்தான் சொல்லும். அலெக்சிதைமியா உள்ளவர்களுக்கோ நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. வந்தது கோபமா பயமா என்றுதான் பிடிபடுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் கிரேக்கத்திலிருந்து கட்டிய சொல். இல்லாமை, சொல், உள்ளம் என மூன்று துண்டு. அப்படியே வைத்தால் ‘உணர்வுச் சொல்லின்மை’.
– வே.

> அப்படியே வைத்தால் ‘உணர்வுச் சொல்லின்மை’

ஐயா, இரண்டு இடத்தில் இடிக்கிறது. அலெக்சிதைமியாவை அளக்கும் டொரொன்டோ அளவுகோலில் 20 கூற்றுகள்: உணர்ச்சியை இனங்காணும் சிரமத்துக்கு 7, எடுத்துச்சொல்லும் சிரமத்துக்கு 5, புறநோக்குச் சிந்தனைக்கு, அதாவது உள்ளத்தை விட்டு வெளி நிகழ்வுகளிலேயே கவனம் நிற்பதற்கு, 8. ‘சொல்லின்மை’ நடுவில் உள்ள ஐந்தை மட்டும் தொடுகிறது. அடுத்து, மருத்துவருக்கே விளங்காத உடல் உணர்வுகள் பற்றிய கூற்று முதல் பிரிவில் வருகிறது. அங்கே உடலுக்கு ‘உணர்வு’, தலைப்பில் மனத்துக்கும் ‘உணர்வு’ என்றால் படிப்பவர் குழம்புவார். மனத்துக்கு ‘உணர்ச்சி’யை ஒதுக்குவோம். என் பரிந்துரை: ‘உணர்ச்சி இனங்காணாமை’.

தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’ ஆசை காட்டும். ஆனால் அது பார்ப்பவருக்குப் புலப்படும் எட்டு வெளிப்பாடு. இங்கே சிக்கல் உள்ளே. ‘உணர்ச்சி மயக்கம்’ என்றால் ‘உணர்ச்சிவசப்பட்டு மயங்கி விழுந்தார்’ என்ற செய்தித்தாள் வரிதான் நினைவுக்கு வரும்.
– சா.

‘இனங்காணாமை’ ஆளைக் குற்றம் சொல்கிறது. கண்டிருக்க வேண்டியவர் காணவில்லை என்று. இது நோய்ப் பெயரும் அல்ல, ஆளுக்கு ஆள் கூடிக்குறையும் ஆளுமைப் பண்பு. மதிப்பெண் 20 முதல் 100 வரை; 61ஐ எட்டினாலே மிகுதி என்று கணக்கு.

பண்பாடு குறுக்கிடுவது கடைசி எட்டில். கனடாவில் ஐரோப்பிய, சீன வழி மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வில் வேறுபாடு புறநோக்குச் சிந்தனையில்தான் தெரிந்தது. அதுவும் அவரவர் கொண்ட விழுமியங்களோடு சேர்ந்தே நின்றது. மனத்தைத் தோண்டிப் பார்ப்பதை ஒருவர் பெரிதாக மதிக்கவில்லை என்றால் அது இயலாமை ஆகாது. ஆகவே அந்த எட்டின் பெயர் தனியாகவே இருக்கட்டும், தலைச்சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

தமிழாக்கும்போது இன்னொரு பள்ளம். பக்கத்து வீட்டுப் புதுக்காரைப் பார்த்து ‘வயிறு எரியுது’ என்பவர் உணர்ச்சிக்குத் துல்லியமாகப் பெயர் சொல்லிவிட்டார். அதை உடல் புகார் என்று குறித்துக்கொண்டால் மதிப்பெண் வீணாக ஏறும். சாப்பிட்டதும் எரிகிறதா, அவரைப் பார்த்தால் எரிகிறதா என்று ஒரு துணைக் கேள்வி போதும்.

வே. ஐயா, சொல் உங்கள் மடலிலேயே இருக்கிறதே: பிடிபடுவதில்லை. ‘உணர்ச்சி பிடிபடாமை’. பிடிபடாதது உணர்ச்சி; ஆள் மேல் பழி இல்லை. இனங்காணல், எடுத்துச்சொல்லல் இரண்டையும் தாங்கும். ‘பிடிபடாமை மிகுந்தவர்’ என்று அளவும் சொல்லலாம்.
– மீ.

சரிதான் அம்மா. பட்டியலில் மாற்றிவிடுகிறேன். ‘புறநோக்குச் சிந்தனை’க்குத் தனி வரி.
– வே.