மாத்திரை: இலக்கணத்திலும் மருந்திலும் ஒரே சொல்லா?

கேள்வி:
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்கிறது இலக்கணம். விழுங்குவதும் மாத்திரைதான். தாளக் கணக்கிலும் இச்சொல் வருகிறது. எல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒத்தவையா? இன்னொரு சந்தேகம்: 'மாத்திரை' என்ற சொல்லுக்கே எத்தனை மாத்திரை? எனக்கு ஐந்தரை வருகிறது, விடைக்குறிப்பில் நாலரை.

பதில் 1:
ஒரே சொல்தான். வடமொழி 'மாத்ரா'விலிருந்து வந்தது. அதன் வேரான 'மா' என்பதற்கு அளத்தல் என்று பொருள். 'மீட்டர்' பிறந்த கிரேக்க 'மெட்ரோன்' கூட இந்தக் குடும்பம்தான். தொல்காப்பியத்திலேயே இருப்பதால் தமிழில் மிகப் பழைய சொல்.

இலக்கணம் அளப்பது நேரத்தை: இயல்பாகக் கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரம். உரைகளில் அந்த நொடியையும் பகுத்திருக்கிறார்கள். நொடிக்க நினைத்தல் கால், விரல் ஊன்றல் அரை, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்று. எவ்வளவு நுட்பம் பாருங்கள்! மெய்யெழுத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்கு (ஒலி குறைந்த 'ம்') கால் என்று சொல்லும்போது இந்தப் பகுப்பு கைகொடுக்கிறது.

மருந்தில் மாத்திரை என்பது உட்கொள்ளும் அளவு. பிறகு அந்த அளவில் உருட்டிய உருண்டைக்கே பெயராயிற்று, அளவின் பெயர் பொருளுக்கு ஆகும் அளவையாகுபெயர் போலத்தான். சித்த மருத்துவத்தின் 32 அகமருந்துகளில் இதுவும் ஒன்று. மருந்துச் சரக்குகளைச் சாறோ குடிநீரோ (கஷாயம்) விட்டுக் கல்வத்தில் (மருந்தரைக்கும் கல்) அரைத்து, உருட்டி, நிழலில் உலர்த்துவார்கள். உருண்டைகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் வேளைக்கு வேளை மருந்து கூடிக் குறையும். பெயருக்கே பொருளில்லாமல் போய்விடும்.

பதில் 2:
நாலரைதான் சரி. மா 2, த் ½, தி 1, ரை 1. நீங்கள் 'ரை'க்கு இரண்டு கொடுத்திருப்பீர்கள். ஐகாரம் சொல்லின் முதலில் ஒன்றரையாகவும், இடையிலும் கடையிலும் ஒன்றாகவும் குறையும்; அதுவே ஐகாரக்குறுக்கம். சொல்லின் கடைசியில் அரை மாத்திரையாகக் குறையும் உகரமான குற்றியலுகரத்திலும் இதே தவறு நேரும். 'பாட்டு': பா 2, ட் ½, டு ½, ஆக 3. கடைசி 'டு'வைக் குறிலென்று எண்ணினால் மூன்றரையாகிவிடும்.

கேட்டவர்:
ஆமாம், 'ரை'யை நெடிலாகவே எண்ணினேன். தாளத்திலும் மாத்திரை இமைப்பொழுதுதானா?

பதில் 3:
இல்லை. அங்கே காலப்பிரமாணத்துக்கு (பாடும் வேகம்) ஏற்ப மாத்திரையின் நீளமும் மாறும். கர்நாடக இசையில் வழக்கமாக ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) 4 மாத்திரை. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களுக்கு 32. இந்துஸ்தானியில் மாத்திரை என்பது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, அங்குள்ள தீன்தால் என்ற தாளத்துக்கு 16. அதனால் 16-ஐயும் 32-ஐயும் பக்கத்தில் வைத்து 'பாதி' என்று சொல்லக்கூடாது, அலகே வேறு.

'அது மாத்திரம்', 'கேட்ட மாத்திரத்தில்' என்கிறோமே, அவையும் இதே வேர்தான். முன்னது 'அவ்வளவே', பின்னது 'கேட்ட அளவில்'.