கடைச் சுவரில் பழைய விளம்பரப் படங்கள்: மாட்டலாமா, வேண்டாமா?

பட்டர்வொர்த் அத்தை:

வணக்கம். என் தம்பி மகன் பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு காப்பிக் கடை திறக்கப் போகிறான். அந்தக் காலத்துக் கடை மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. பளிங்கு மேசை, மர நாற்காலி எல்லாம் வாங்கியாகிவிட்டது. சுவரில் மாட்ட லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பதினோரு விளம்பரப் படங்கள் வாங்கி வந்து, போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்டினான். அவற்றுக்குச் சட்டம் போடும் செலவு என்னுடையது என்று முன்பே சொல்லியிருந்தேன்.

எட்டுப் படங்களில் ஒரு குறையும் இல்லை. சைக்கிள், பிஸ்கட், தைலம். மூன்றுதான் எனக்கு இடிக்கிறது.

ஒன்று, வான் ஹியூசன் டை. 1951-இல் வந்த அமெரிக்க விளம்பரத்தின் நகல். புருஷன் டை கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறான். மனைவி முட்டி போட்டுப் பசியாறத் தட்டை நீட்டுகிறாள். இது ஆண்களின் உலகம் என்று அவளுக்குக் காட்டச் சொல்கிறது வாசகம். இரண்டாவது, 1953-இல் அல்கோவா என்ற அலுமினியக் கம்பெனி போட்டது. ஒரு பெண் கையில் கெச்சப் புட்டி. இதை ஒரு பெண்ணால்கூடத் திறக்க முடியுமா என்று கேள்வி. பிள்ளை இரண்டையும் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தமிழ் விளம்பரம், டின் பால். சேலை கட்டிய அம்மா, மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. நல்ல தாயாக இருந்தால் இந்தப் பாலைத்தான் வாங்குவாள் என்ற பொருளில் நான்கு வரி. அப்பா படத்திலேயே இல்லை.

எங்கள் அம்மா சுங்கைப்பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். மூத்த அண்ணனைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டு, டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்துவிட்டுப் போவார். எட்டாம் மாதம் வயிற்றுப்போக்கில் அண்ணன் போய்விட்டான். அம்மா எண்பத்திரண்டு வயதில் கண்ணை மூடும்வரை "நான்தான் கொன்னுட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தை, வெறும் பழைய படம்தானே" என்கிறான் பிள்ளை. அவன்மேல் கோபம் இல்லை, அவனுக்கு இந்தக் கதை தெரியாது. சொன்னால் கடை திறக்கிற சந்தோஷம் கெட்டுவிடுமோ என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

செந்தூல் ஓவியர்:

அக்கா, நான் எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்து ஒட்டும் வேலை பார்த்தவன். எங்களுக்குப் படம் வெளிநாட்டிலிருந்து முடிந்தே வரும். ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு மலாய், சீனம், தமிழ் என்று ஒட்டிக் கொடுப்போம். சலவைத்தூள் விளம்பரம் என்றால் சட்டையில் கறை புருஷனுக்கு, தலைகுனிவு மனைவிக்கு. துவைக்கிறவர் ஆணாக இருந்தால் என்ன என்று வாசகம் எழுதும் பெண் ஒருவர் ஒருமுறை கேட்டார். அடுத்த வாரமே அவரை அந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். பக்கத்து மேசையில் இருந்த நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த டையை மாட்ட வேண்டாம். விளக்கம் எழுதி வைத்தாலும் காப்பி குடிக்க வருகிறவர்கள் நின்று படிக்க மாட்டார்கள், அதன் கீழே உட்கார்ந்து படம்தான் எடுத்துக்கொள்வார்கள். பால் படத்தை நீங்களே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, தைப்பிங்:

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா கொல்லவில்லை.

34 வருடம் தாய் சேய் நலக் கிளினிக்கில் இருந்தேன். இனிப்பு டின் பாலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சீனி. தண்ணீர் விட்டு நீட்டினால் வயிறு நிறையும், சத்து சேராது. தண்ணீரும் புட்டியும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது என்ற நிலையில் அந்தத் தாய் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இதைத் துணிந்து சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1936-இல் மலாயாவுக்கு வந்த குழந்தை மருத்துவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. தவறான பால் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தாதி மாதிரி உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் டின் பாலைப் புகழ்ந்த காலம் அது. நான் போட்டிருந்த அதே வெள்ளை உடுப்பு. நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பாலைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதித்தொகுப்பை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றது 1981-இல்தான். இடையில் நாற்பத்திரண்டு வருடம்.

டை, கெச்சப் எல்லாம் உங்கள் விருப்பம். பால் படத்தை மாட்டுங்கள். பக்கத்திலேயே இதையும் எழுதி மாட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் 27:

நானும் அத்தை என்றே கூப்பிடுகிறேன். இதையெல்லாம் பழசு என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. 2020-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனை போட்டுக்கொள்ள வேண்டும், புருஷனிடம் டோராமொன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் பேச வேண்டும் என்று நம் மலேசிய மகளிர் அமைச்சே இணையத்தில் சுவரொட்டி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. 1975-இல் இந்தியாவில் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்த 'ஃபேரை' எடுத்ததும் அதே 2020-இல்தான். எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் குளியலறையில் சிவப்பழகு கிரீம் மட்டும் மூன்று விதம் இருந்தது. அக்கா தேய்த்துத் தேய்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

எதையும் ஒளிக்க வேண்டாம். அந்த டோராமொன் சுவரொட்டியையும் அச்செடுத்து, வருடம் போட்டு, டைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அத்தை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பிடக் கூப்பிட்டு அவனிடம் சொல்லிவிட்டேன். தாதி அக்கா எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "பெரியப்பா பேர் என்ன?" என்று கேட்டான். இருபத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாமல் வளர்த்திருக்கிறோம்.

டை படத்தை அவனே சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டான். டோராமொன் யோசனை அவனுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, நான் இன்னும் சம்மதிக்கவில்லை. கெச்சப் புட்டியும் முடிவாகவில்லை. பால் படம் கல்லாவுக்குப் பின்னால் வருகிறது. செந்தூல் தம்பி சொன்னது சரிதான், உட்கார்ந்திருப்பவர்கள் படிக்க மாட்டார்கள். காசு கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் படிப்பார்கள் என்கிறான்.

தாதி அக்கா, அந்த 1939 பேச்சைப் பற்றி நாலு வரி எழுதித் தருவீர்களா? தமிழிலும் மலாயிலும் வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அந்தச் சுவரில் வெளிச்சம் குறைவு.