புதிய கணினிகளில் மட்டும் ஆய்வகப் பொதுக் கோப்புறை திறக்கவில்லை: திங்கட்கிழமைக்குள் உதவி தேவை

மூன்றாம் ஆய்வகம் | வெள்ளி, மாலை 4.20
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில், மாணவர்களுக்குத் தேவையான மென்பொருள்களையும் செய்முறைப் பயிற்சிக்கான தரவுக் கோப்புகளையும் ஒரே இடத்தில் பதிவிறக்கி வைத்து, எல்லாக் கணினிகளிலும் அங்கிருந்தே எடுத்து நிறுவுவது வழக்கம். இந்த வாரம் வந்த புதிய கணினிகளில் அந்தப் பொதுக் கோப்புறை திறக்கவே இல்லை. பழையவற்றில் எந்தக் குறையும் இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு இருப்பதால், என்ன செய்ய வேண்டும் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை | வெள்ளி, மாலை 4.41
வணக்கம். சில விவரங்கள் இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கோப்புறை இருப்பது விண்டோஸ் கணினியிலா, லினக்ஸ் சர்வரிலா, வலையமைப்பில் நேரடியாக இணையும் தனிச் சேமிப்புப் பெட்டியான நாஸ் பெட்டியிலா? புதிய கணினிகளில் இருப்பது எந்த விண்டோஸ்? தேடல் கட்டத்தில் ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பதிப்பு எண் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கோப்புறையைத் திறக்க முயலும்போது திரையில் என்ன செய்தி வருகிறது என்பதைச் சொல் மாறாமல் எழுதுங்கள்.

நீலத்திரை | வெள்ளி, மாலை 5.05
இது ஃபயர்வால் சிக்கலாகத்தான் இருக்கும். புதிய கணினி முதன்முதலாக வலையமைப்பில் சேரும்போது, விண்டோஸ் அதைப் பொது வலையமைப்பு என்று எடுத்துக்கொண்டு பகிர்வு வசதிகளை மூடிவிடுகிறது. அமைப்புகளுக்குள் சென்று அதைத் தனியார் வலையமைப்பு என்று மாற்றுங்கள். எங்கள் அச்சகத்தில் ஒரு முழு நாளை இதற்காக இழந்திருக்கிறேன்.

இணைப்பு எண்ணி | வெள்ளி, மாலை 5.32
மொத்தம் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று சொல்லவில்லையே? கோப்புறை சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் இருந்தால், ஒரே நேரத்தில் 20 கருவிகள்தாம் அதனுடன் இணையலாம். இருபத்தொன்றாவது கணினிக்குக் கதவு திறக்காது. பழைய கணினிகள் முதலில் இடம்பிடித்துக்கொள்வதால் புதியவை வெளியே நிற்கின்றன என்பது என் கணிப்பு. ஐந்தாறு பழைய கணினிகளை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

சர்வர் அறை | வெள்ளி, இரவு 8.14
இருபது ஆண்டுகளுக்கு மேலாக வலையமைப்புகளை அமைத்து வருகிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன். பதிப்பு எண்ணும் பிழைச்செய்தியும் இல்லாமல் கேள்வி கேட்பது, நோயாளி மருத்துவரிடம் சென்று ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வதைப் போன்றது. ஓர் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும். முறையான சர்வர் ஒன்றை வைத்து, எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் அமைத்து, ஒவ்வொருவருக்கும் கணக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 8.50
சர்வர் அறை ஐயா, எல்லா ஆய்வகத்துக்கும் சர்வர் வாங்க நிதி கிடைப்பதில்லை; அவர் தம்மிடம் இருப்பதை வைத்து வகுப்பை நடத்தப் பார்க்கிறார். நீலத்திரை சொன்னதில் ஒரு திருத்தம். வலையமைப்பின் வகை, பிறர் அந்தக் கணினிக்குள் வருவதைத்தான் பெரும்பாலும் தடுக்கும். அந்தக் கணினி வெளியே சென்று இன்னொரு கோப்புறையைத் திறப்பதை அது பொதுவாகத் தடுப்பதில்லை. பட்டியலில் பெயர் தெரியாமல் போகலாம். முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்தால் திறக்க வேண்டும்.

மூன்றாம் ஆய்வகம் | சனி, காலை 9.12
எல்லோரும் மன்னிக்க வேண்டும். நேற்று பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதிவிட்டுச் சென்றேன். பழைய கணினிகள் 18, எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. புதியவை 6, விண்டோஸ் 11 ப்ரோ, பதிப்பு 24எச்2. கோப்புறை இருப்பது 2015இல் வாங்கிய நாஸ் பெட்டியில். அதற்குக் கடவுச்சொல் எதுவும் வைத்ததில்லை; யார் திறந்தாலும் திறக்கும். ஆங்கிலத்தில் வரும் செய்தியின் பொருள் இது: ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள், அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலைத் தடுப்பதால், இந்தப் பகிர்வுக் கோப்புறையை உங்களால் அணுக முடியாது.’ நிறுவனம் என்று இருந்ததால் முதல்வர் அலுவலகத்தில் ஏதேனும் தடை போட்டிருக்கிறார்களா என்று விசாரித்தேன். அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள்.

இணைப்பு எண்ணி | சனி, காலை 9.30
நாஸ் பெட்டி என்றால் நான் சொன்ன 20 என்ற வரம்பு இங்கே பொருந்தாது. அது விண்டோஸ் கணினிக்கு உரியது. என் கணிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

பரண் பெட்டி | சனி, காலை 9.47
2015ஆம் ஆண்டுப் பெட்டி என்றால் காரணம் தெளிவு. கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி 1 புதிய விண்டோஸில் நிறுவப்பட்டிருக்காது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும் இடத்துக்குச் சென்று எஸ்எம்பி 1 என்பதைத் தேர்வு செய்து, கணினியை மறுபடி இயக்குங்கள். பழைய பெட்டிகளை நான் இப்படித்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

சர்வர் அறை | சனி, காலை 10.03
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல், எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் மாட்டிக்கொண்டன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1ஐ இயல்பாக நிறுவாமல் விட்டதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பரண் பெட்டி | சனி, காலை 10.20
அந்த ஓட்டைதான் அடைக்கப்பட்டுவிட்டதே? இணையத்திலிருந்து யாரும் நுழைய முடியாத, ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஆய்வகத்தில் பழைய நெறிமுறை ஓடினால் என்ன குறை? எல்லாவற்றுக்கும் புதிய பெட்டி வாங்குங்கள் என்று சொல்வது எளிது. வாங்குகிறவருக்குத்தான் அருமை தெரியும்.

நெல்வயல் | சனி, காலை 10.44
ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்தாலும் மாணவர்களின் பென் டிரைவ் உள்ளே வந்துகொண்டேதானே இருக்கிறது? நான் நடத்தும் பயிற்சி மையத்திலும் இதேபோல் யாரும் எழுதலாம் என்ற பொதுக் கோப்புறை இருந்தது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஒரு கேபி, இரண்டு கேபி அளவில் குறுக்குவழிகள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றைச் சொடுக்கிய ஒவ்வொரு கணினியிலும் தொற்று ஏறியது. மறைந்தவற்றை மீட்டுவிட்டோம் என்றாலும், எந்த நிறுவல் கோப்பு கெடாமல் இருக்கிறது என்று நம்ப முடியாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிவிறக்கினோம். எங்கள் இணைப்பின் வேகத்தில் அதற்கு நான்கு நாள்கள் ஆயின.

காவிரிக்கரை | சனி, காலை 11.26
பிழைச்செய்தியே காரணத்தைச் சொல்லிவிட்டது. எஸ்எம்பி 1க்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் பழைய கணினிகள் பெட்டியை அணுகும்போது, அவற்றில் உள்நுழைந்திருக்கும் விண்டோஸ் பயனரின் பெயரையே முதலில் அனுப்புகின்றன. அப்படி ஒரு பயனரைப் பெட்டி அறியாது. ஆனாலும் திருப்பி அனுப்பாமல் ‘விருந்தினராக வா’ என்று உள்ளே விடுகிறது. இத்தனை ஆண்டுகள் கடவுச்சொல் கேட்காததற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் இரண்டு இயல்புநிலைகள் மாறின. விருந்தினராக உள்ளே செல்வதை அது ஏற்பதில்லை என்பது ஒன்று. வந்து போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் கையொப்பம் இருக்க வேண்டும் என்று அது கேட்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை: கையொப்பத்துக்கு வேண்டிய சாவி கடவுச்சொல்லின் அடிப்படையில் உருவாகிறது, விருந்தினருக்குக் கடவுச்சொல்லே இல்லாதபோது சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை. நடுவில் ஒருவர் புகுந்து, நீங்கள் நிறுவப்போகும் கோப்பை மாற்றி அனுப்பினாலும் உங்கள் கணினியால் கண்டுபிடிக்க முடியாது. மென்பொருள் விநியோகிக்கும் கோப்புறைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஏது?

ஆகவே பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் இரண்டு பயனர்களை உருவாக்குங்கள். மாணவர்களுக்கானவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை ஆசிரியர்களுக்கானவருக்கு. அங்கேயே எஸ்எம்பியின் குறைந்தபட்ச நெறிமுறையை 2 என்றும், அதிகபட்சத்தைப் பெட்டி ஏற்கும் உயர்ந்த எண்ணாகவும் வையுங்கள். பிறகு புதிய கணினியில் கோப்புறையை இணைக்கும்போது, வேறு பயனர் பெயரில் நுழையும் தேர்வை இட்டு, பெட்டியின் பெயர், பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். பெட்டியின் பெயரை முன்னால் எழுதாவிட்டால் விண்டோஸ் தன் சொந்தக் கணக்கில் அந்தப் பெயரைத் தேடக்கூடும்.

நீலத்திரை | சனி, நண்பகல் 12.02
இத்தனை வேலை திங்கட்கிழமைக்குள் முடியுமா? புதிய கணினிகளின் குழுக் கொள்கையில் பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை அனுமதித்து, கையொப்பக் கட்டாயத்தையும் நீக்கிவிட்டால் இரண்டே நிமிடத்தில் திறந்துவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பூட்டில் நிற்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். முதலில் வகுப்பு நடக்கட்டும், விடுமுறையில் முறைப்படி செய்யலாம் என்பது என் கருத்து.

நெல்வயல் | சனி, நண்பகல் 12.15
‘விடுமுறையில் செய்யலாம்’ என்று நாங்களும் மூன்று விடுமுறைகளைக் கடத்தினோம் என்பதால் மறுக்கிறேன். ஆறு கணினிகளில் பூட்டைக் கழற்றுவதற்கு ஆகும் நேரமும் பெட்டியில் இரண்டு பயனர்களை உருவாக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவர்கள் கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவைத்தாலும் குற்றமில்லை. அது படிக்க மட்டுமே உதவும் கணக்கு.

சர்வர் அறை | சனி, பிற்பகல் 1.10
இதில் நெல்வயலுடன் உடன்படுகிறேன். பழைய 18 கணினிகளையும் மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பெட்டியில் விருந்தினர் நுழைவைத் திறந்தே வைத்தால் அவை அந்த வழியாகவே தொடர்ந்து நுழையும். புதியவற்றுக்குச் செய்ததை அவற்றுக்கும் செய்துவிட்டு, விருந்தினரை அடியோடு நிறுத்துங்கள். கோப்புறையில் ஒவ்வொரு நிறுவல் கோப்புக்கும் அருகில், கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும், அதை வெளியிட்டவர் தரும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஓர் உரைக் கோப்பில் வைப்பதும் நல்லது. விண்டோஸிலேயே இருக்கும் ‘செர்ட்யூட்டில்’ கருவியால் எந்தக் கணினியிலும் சரிபார்க்கலாம். நேற்று நான் எழுதிய முறை கடுமையாக இருந்தது. சகோதரர் பொறுத்தருள வேண்டும்.

மூன்றாம் ஆய்வகம் | சனி, பிற்பகல் 3.38
இரண்டு பயனர்களையும் உருவாக்கிவிட்டேன். பெட்டியில் அதிகபட்ச நெறிமுறை எஸ்எம்பி 2 என்றே இத்தனை நாளும் இருந்திருக்கிறது. 3 என்று மாற்றினேன். ஐந்து கணினிகளில் திறந்துவிட்டது. ஆறாவதில் மட்டும், ஒரே பயனர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் ஒரே சர்வரை அணுக முடியாது என்ற பொருளில் 1219 என்ற எண்ணுடன் பிழை வருகிறது. அதில் முதலில் மாணவர் பெயரில் நுழைந்து பார்த்துவிட்டு, பிறகு ஆசிரியர் பெயரில் முயன்றேன். அப்புறம், நான் சகோதரர் அல்ல, சகோதரி.

காவிரிக்கரை | சனி, பிற்பகல் 3.55
சகோதரி, நீங்களே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள். ஒரு சர்வரோடு ஒரு நேரத்தில் ஒரு பெயரில்தான் விண்டோஸ் பேசும். மாணவர் பெயரில் திறந்த இணைப்பு உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் ‘நெட் யூஸ்’ என்று கொடுத்தால் அந்த இணைப்பு பட்டியலில் தெரியும், அதை நீக்குங்கள். முன்பு சேமித்த கடவுச்சொல் இருந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரிலிருந்தும் அழித்துவிட்டு, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஆனால் வகுப்புக் கணினிகளில் ஆசிரியர் பெயரை எப்போதும் சேமிக்க வேண்டாம். அதை உங்கள் மேசைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெல்வயல் | ஞாயிறு, காலை 10.20
என்ன ஆயிற்று சகோதரி? விருந்தினர் நுழைவை நிறுத்தினீர்களா? பெட்டியை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு ஏதேனும் கிடைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் ஆய்வகம் | திங்கள், காலை 8.47
ஆறிலும் திறக்கிறது. பழையவற்றில் பதினொன்றை மாற்றிவிட்டேன், மீதி ஏழு முடிந்ததும் விருந்தினர் நுழைவை நிறுத்துவேன். மாணவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி.