சுகர் இல்லாத அக்காவுக்கு எதுக்கு இன்சுலின் ஊசி?

டிக்கோயா தங்கச்சி:
வணக்கம். எங்கக்கா கொழுந்து எடுக்கிறவங்க. மூணு வருசத்துக்கு முந்தி ரெண்டாவது புள்ள பொறந்தப்ப ரத்தம் நிக்காம போயி நாலு பைன்ட் ஏத்தினாங்க, அதுக்கப்புறம் பால் சுரக்கவே இல்ல, மாசமும் வரல்ல, எந்நேரமும் குளிருதுன்னு கம்பளிக்குள்ளயே கெடக்குறாங்க, மலையில ஏறினா தல சுத்தி கூடையோட உக்காந்துடுறாங்க. இவ்வளவு நாளா எல்லாரும் ரத்தச்சோகைன்னாங்க. இப்ப ஷீஹன்னு சந்தேகமாம், பிரசவத்துல ரத்தம் ரொம்ப போயி மூளைக்கடியில இருக்கிற பிட்டியூட்டரி சுரப்பி கெட்டுப்போற நோயாம். அட்ரினல் சுரப்பிய தூண்டுற சினாக்தன் ஊசி போட்டு பாத்தாச்சு, அதுல சுரக்கிற கோர்ட்டிசோல் ஹார்மோன் அரைகுறையா ஏறியிருக்கு. இனி இன்சுலின் குடுத்து சீனிய எறக்கணுமாம், கூடவே இன்னும் ரெண்டு ஊசியாம். பயமா இருக்கு.

நர்ஸ் அக்கா, பதுளை:
தங்கச்சி, கங்காணி குரல் குடுத்தாத்தானே ஆளு மலைக்கு எறங்கும், அந்த கங்காணிதான் பிட்டியூட்டரி. சினாக்தன் 250 மைக்ரோகிராம் போடுறது வெளியாள் ஒருத்தர் வந்து கத்தி பாக்குற மாதிரி, அட்ரினல் எந்திரிக்குதான்னு தெரியும், கங்காணிக்கு தொண்ட இருக்கான்னு நேரா தெரியாது. அதுக்குத்தான் இன்சுலின். ரத்தத்துல சீனி 2.2 மில்லிமோலுக்கு கீழ எறங்கினா ஒடம்பே ஆபத்துன்னு பதறும், அப்ப கோர்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறணும். மத்த ரெண்டு ஊசி டிஆர்ஹெச், ஜிஎன்ஆர்ஹெச்சா இருக்கும். ஒண்ணு தைராய்ட தூண்டுற டிஎஸ்ஹெச்சுக்கும் பால் ஹார்மோனுக்கும், மத்தது மாசவிலக்கு ஹார்மோனுக்கு. கையில ஊசி ஏத்துற ஒரே கேனுலா குழாய், ரெண்டு மணித்தியாலத்துல எல்லாம் முடியும்.

ஹட்டன்காரி:
நான் செஞ்சிருக்கேன்மா. ராத்திரியிலருந்து பட்டினி, வேர்த்து ஊத்துச்சு, நெஞ்சு படபடன்னுச்சு, நைட்டி பூரா நனைஞ்சிட்டு. ஆனா மிஸ் ஒருத்தங்க என் கட்டில விட்டு நகரவே இல்ல, குளுக்கோஸ் ஊசியில ஏத்தி தலமாட்டுலயே வச்சிருந்தாங்க. முடிஞ்சதும் சீனி தூக்கலா ஒரு பிளேன்டி, அவ்வளவுதான்.

நர்ஸ் அக்கா, பதுளை:
இன்னொண்ணு. காலைல எடுத்த கோர்ட்டிசோலே 100 நானோமோலுக்கு கீழ இருந்தா இன்சுலின் டெஸ்ட்டே தேவயில்ல, அது ஆபத்தும் கூட, ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க. தைராய்டு மாத்திர தைராக்ஸின் மட்டும் யாரும் எழுதி குடுத்தா, கோர்ட்டிசோலுக்கு பதிலா குடுக்கிற ஹைட்ரோகோர்ட்டிசோன் தொடங்காம குடுக்கவே கூடாது, அட்ரினல் படுத்துரும், உசுருக்கே வந்துரும். வலிப்பு, நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கா?

டிக்கோயா தங்கச்சி:
காலை கோர்ட்டிசோல் 190னு போட்டிருக்கு. ஆனா அக்காவுக்கு சின்னதுல ரெண்டு தடவ வலிப்பு வந்திருக்கு, அம்மா இப்பதான் சொல்றாங்க. கிளினிக்ல நாங்க சொல்லவே இல்லயே!

நர்ஸ் அக்கா, பதுளை:
அப்ப டெஸ்ட் அன்னைக்கு வரைக்கும் வச்சிருக்காதீங்க, நாளைக்கே போயி டொக்டர்கிட்ட சொல்லுங்க. வலிப்பு வந்தவங்களுக்கு இந்த இன்சுலின் டெஸ்ட் செய்ய மாட்டாங்க, அதுக்கு பதிலா குளுக்ககன் ஊசி போட்டும் பாக்கலாம். அம்மாவையும் கூட்டிட்டு போங்க.